இன்று வகுப்பு இல்லை

கடலில் மிதந்துகொண்டிருக்கும் என் மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். அப்பாவின் கால் மட்டும் இன்னும் முழு நலமில்லை, ஆனால் வாய் ரொம்ப நலம். கப்பல் மெயிலில் படமும் போகாது, குரலும் போகாது, எழுத்து மட்டும்தான் போகும் என்றாயே, அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். நாள் பூராவும் டாக்ஸி ஆபீஸ் கன்ட்ரோல் மைக்கில் டிரைவர்களிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவது தொண்டைக்கு ஓய்வு. இன்ஜின் அறையில் காதுக்கு மாட்ட வேண்டியதை ஒழுங்காக மாட்டிக்கொள்கிறாயா? சின்ன வயதிலேயே நான் கூப்பிட்டால் உனக்குக் காது கேட்காது. இப்போது நிஜமாகவே கேட்காமல் போய்விடப் போகிறது.

அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன் படிக்கட்டில் உருண்டு காலை உடைத்துக்கொண்டாரே என்று டாக்டருக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ரோந்து போகிறார். அடுப்படிக்கு வந்து, இந்த முட்டையை இன்னும் கொஞ்சம் வேகவிடக் கூடாதா என்று கேட்கிறார். படுக்கையில் கிடந்தபோதே தேவலை என்று தோன்றுகிறது. பக்கத்தில்தான் இருக்கிறார், எட்டிப் பார்த்தாலும் பார்ப்பார், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

சந்தோஷமான செய்தி ஒன்று. கல்லூரியில் எனக்குப் பட்டப் பரீட்சை எழுத அனுமதி கிடைத்துவிட்டது! அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களால் வருகை குறைந்துபோய், கடைசி வருஷத்தில் வந்து கோட்டை விட்டோமே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். துணை முதல்வர் கூப்பிட்டுப் பேசினார். குறைவை மன்னித்துவிட்டார். ஹால் டிக்கெட் கையில் இருக்கிறது. போட்டோவில் நான் போலீஸில் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சங்க விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அது நடக்கவில்லை. நாடு முழுக்க இருக்கிற மாணவர் சங்கம் அது. ஒரு கல்லூரி மொத்தமாக அதில் சேர்ந்தால், அதன் பிறகு அந்தக் கல்லூரியில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் சங்கம் வந்து வாதாடும். ஆனால் சேர வேண்டுமென்றால் பொதுக்கூட்டம் போட்டுக் கை தூக்க வேண்டும், பகல் பிரிவிலும் மாலைப் பிரிவிலும் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். மாணவர் மன்றச் செயலாளர் ஒரு குட்டிப் பெண். நாங்கள் ஸ்டூல் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு குள்ளம். கேன்டீன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய், அதன் மேல் ஏறி நின்று பேசினாள். ஆனால் கூட்டத்தன்று மாலைப் பிரிவிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் வந்தார்களாம். யாருக்கும் சரியாகத் தகவல் போகவில்லை போலிருக்கிறது. கூட்டம் செல்லாது என்று கலைத்துவிட்டார்கள். அது போகட்டும், நமக்கென்ன.

என் பெஞ்சில் உட்காருவாளே தையல்காரி, குழந்தை வைத்திருக்கிறவள், அவளுக்கு அனுமதி வரவில்லை. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள் அல்லவா, அதில் வருகை போயிற்று. பாவம்.

வேறு விசேஷம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா


என் கண்ணுக்கு,

உன் பதில் வந்தது. கப்பலில் எல்லோரிடமும் என் அம்மா பட்டதாரி ஆகப் போகிறாள் என்று சொல்லிவிட்டாயாமே! சமையல்காரர் கேக் வேறு செய்து, அதன் மேல் என் வயதையும் போட்டாராம். அந்த ஆள் கையில் கிடைத்தால் கவனித்துக்கொள்கிறேன். அப்பா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் சும்மா விளையாட்டுக்கு ஒரு வரி எழுதியிருந்தாய். கன்ட்ரோல் அம்மா இருக்கிற வகுப்பில் தகவல் எப்படிப் போகாமல் இருக்கும் என்று. அந்த வரி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசுகிற மாதிரி இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். எழுதும்போது அழித்து அழித்துப் பார்த்தாலும் கேள்வி அங்கேயே நிற்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். தகவல் போகாமல் இல்லை. தகவல் கொடுத்ததே நான்தான்.

எங்கள் வகுப்பு எப்படி என்று உனக்குத் தெரியும். எல்லோரும் வேலையிலிருந்து நேராக வருகிறவர்கள். பஸ் ஓட்டுகிறவர், பிணவறையில் வேலை செய்கிறவர், கடை அடைத்துவிட்டு ஓடி வருகிறவள், எல்லாம் கலந்த கூட்டம். இன்றைக்கு வகுப்பு உண்டா, எந்த அறை, வாத்தியார் வருகிறாரா என்று சாயங்காலம் நான் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். வகுப்புப் பிரதிநிதி என்றால் அதுதான் வேலை. நான் வா என்றால் வருவார்கள், வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போவார்கள். டிரைவர்கள் என் பேச்சைக் கேட்கிற மாதிரிதான். கன்ட்ரோல் அக்கா சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். மூன்று வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நீ எந்தக் கப்பலில் இருக்கிறாய் என்று கேட்டார். அப்புறம், உங்கள் வகுப்பில் எல்லோரும் உழைத்துக் களைத்து வருகிறவர்கள், இந்தச் சின்னப் பிள்ளைகளின் கூத்துக்கு அவர்களை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்றார். நானும் ஆமாம் சார் என்றேன். உங்கள் வருகைக் குறைவை நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாமல் போங்கள் என்றார். அவ்வளவுதான். இதைச் செய் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. நான் பச்சைக் குழந்தை இல்லையே, புரியாமல் இருக்க.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸில் ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவில் மெசேஜ் போட்டேன். இன்று வகுப்பு இல்லை என்றேன். பொய் இல்லை பார், கூட்டத்துக்காக வகுப்பை ரத்து செய்திருந்தார்கள். கூட்டம் உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. டிரைவருக்கு எது தேவையோ அதை மட்டும் சொல்லு, மைக்கில் கதை பேசாதே என்று நானே புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன் அல்லவா, அந்தச் சாமர்த்தியத்தைத்தான் இதில் காட்டினேன். ஸ்டூல் எங்களிடம் வந்து பேசியது அதற்கு முந்தின வாரம். தேதி மாறியிருக்கும் போல, அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

இதில் தையல்காரி என்ன செய்தாள் தெரியுமா? கூட்டத்துக்கு வருவதற்காகவே பக்கத்து வீட்டில் சொல்லிக் குழந்தைக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். என் மெசேஜைக் கேட்டதும், ரொம்ப தேங்க்ஸ்க்கா, இன்னிக்காவது பிள்ளையோட இருக்கேன் என்று பதில் போட்டாள். பின்னால் குழந்தை கை கொட்டிச் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் அதற்கு ஒரு சிரிக்கிற பொம்மைப் படம் வேறு அனுப்பினேன். ஐயோ, என் கையை வெட்டிப் போட்டால் என்ன!

இன்னும் கேள். ஸ்டூல் அந்தச் சங்கத்தைக் கொண்டுவர மெனக்கெட்டதே எங்களுக்காகத்தான். சங்கத்தில் சேர்ந்த மற்றக் கல்லூரிகளில், வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவர்களுக்கும் வருகையில் சலுகை உண்டாம். யார் காலிலும் விழ வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும். இங்கே அது துணை முதல்வர் மனது வைத்தால்தான். என்னிடம் வைத்தார், தையல்காரியிடம் வைக்கவில்லை. எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டியதைக் கெடுத்துவிட்டு, எனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவளுக்கு அனுமதி இல்லை என்று தெரிந்த அன்று, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களாவது எழுதுங்கக்கா, ஒருத்தியாவது கரையேறணும் என்றாள். நான் என் ரொட்டியைப் பாதி பிய்த்து அவளிடம் கொடுத்தேன். அதுதான் முடிந்தது என்னால். இனிமேல் படிப்பு வேண்டாம் என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். நான் கால் உடைச்சுக்கிட்டதுக்கு அந்தப் பொண்ணு ஏன் பரீட்சை எழுதாம போகணும் என்று மட்டும் கேட்டார். அப்புறம் முட்டை சரியாக வேகவில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பட்டம் வாங்கு, வாங்கு என்று என்னைக் கல்லூரி வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் நீ. சேர்ந்த அன்றைக்கு, யாராவது ஏதாவது சொன்னால் பயப்படாதே அம்மா, நீயும் ஒரு மாணவி என்றாய். உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேக்கை என்ன செய்வது என்று கேட்காதே, சாப்பிட்டது சாப்பிட்டதுதான்.

என்ன செய்யட்டும், சொல்லு.

உன் அம்மா


என் செல்லமே,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நடுக்கடலில் மெயில் எட்டவில்லையா, இல்லை அம்மா மேல் கோபமா என்று தெரியவில்லை. அப்பா கடல்தான் காரணம் என்கிறார். என் மனசுக்குத் தெரியாதா, நீ பேசாமல் இருந்தால் அது எப்போதுமே கோபம்தான். சின்ன வயதிலும் அப்படித்தான், கதவைச் சாத்தமாட்டாய், கத்தமாட்டாய், பேசாமல் இருந்தே ஆளைக் கொன்றுவிடுவாய். சரி, கோபத்தோடேயே இதையும் படி.

உன் பதிலுக்குக் காத்திருந்தால் பரீட்சை வந்துவிடும் போலிருந்தது. அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். ஸ்டூலைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேன்டீனில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் இறங்கி நின்றாள், என் தோள் உயரம்கூட இல்லை. அன்னிக்கு மண்டபத்து வாசல்ல நின்னு ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டிருந்தேன் ஆன்ட்டி, நீங்க இறங்குவீங்க இறங்குவீங்கன்னு என்றாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழவும் செய்தேன், ஒளிப்பானேன்.

மறு கூட்டத்துக்கு அவள் தேதி வாங்கினாள். அன்றைக்குக் குரூப்பில் நான் போட்ட மெசேஜ்தான் என் வாழ்நாளிலேயே நீளமானது. இன்று வகுப்பு இல்லை, ஆனால் கூட்டம் உண்டு என்றேன். போன தடவை கூட்டம் இருந்ததை வேண்டுமென்றே மறைத்தேன், என் வருகைக் குறைவுக்காக மறைத்தேன் என்றேன். கோபம் இருந்தால் என் மேல் வையுங்கள், கூட்டத்துக்கு மட்டும் வாருங்கள் என்றேன். அனுப்பிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நம்பர் வண்டி பாவம், ஸ்டேஷன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனது.

வந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர் சீருடையோடு வந்தார். பிணவறைக்காரர் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போய் முன் வரிசையில் உட்கார்ந்தார். தையல்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். பகல் பிரிவும் மாலைப் பிரிவும் சேர்ந்து கை தூக்கினோம். குழந்தையும் கையைத் தூக்கியது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் கல்லூரி சங்கத்தில் சேர்ந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

அதோடு முடியவில்லை. சங்கத்திலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். தையல்காரிக்காகக் கேட்க வழி இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரிக் குறைவுக்கு இன்னொருவருக்கு எப்படி அனுமதி கிடைத்தது என்பதை அந்த ஆளே வந்து சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்றார். சொன்னால் உங்கள் அனுமதியும் ஆட்டம் காணும், யோசித்து வாருங்கள் என்று நல்லபடியாகத்தான் எச்சரித்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னார். எதற்கு என்றால், நானும் உன்கூட வரேன், வெளியில உக்காந்திருக்கேன் என்றார்.

முதல்வர் அறையில் சொன்னேன். துணை முதல்வர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அப்படி எதுவும் செய்யச் சொல்லவில்லையே என்றார். ஆமாம் சார், நீங்கள் சொல்லவில்லை, நானாகத்தான் புரிந்துகொண்டேன் என்றேன். அப்போதும் எனக்கு அவர் மேல் முழுசாகக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது ஒரு பங்கு என்றால் நான் கொடுத்தது இரண்டு பங்கு. மெசேஜில் இருந்தது என் குரல்தானே.

தையல்காரி எழுதலாம் என்று முடிவாயிற்று, அவள் வீட்டுக்காரரும் இறங்கி வந்துவிட்டாராம். என் ஹால் டிக்கெட்டை விசாரணை முடியும்வரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடிவதற்குள் பரீட்சை முடிந்துவிடும். ஆக, இந்த வருஷம் உன் அம்மா பட்டதாரி இல்லை. அடுத்த வருஷம் விடுவார்களா என்று வக்கீலம்மாவுக்கும் தெரியவில்லை.

இப்போது இதை எங்கேயிருந்து எழுதுகிறேன் என்று நினைக்கிறாய்? பரீட்சை மண்டபத்துக்கு வெளியே மரத்தடி பெஞ்சில். மடியில் தையல்காரியின் குழந்தை தூங்குகிறது. நல்லவேளை, எனக்கு ஒற்றை விரல் போதும். காலையில் கேட் பக்கம் நின்றேன். உள்ளே போக முடியாவிட்டாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டாளாம். சுற்றும் முற்றும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையை என் கையில் திணித்தாள். வேற ஆளில்ல, அதான் என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. அழுதா பால் பையில இருக்கு என்றாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். ஓடினதில் பேனா கீழே விழுந்தது. எடுத்துக் கொடுப்பதற்குள் போய்விட்டாள். இன்னொன்று வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். வைத்திருக்க வேண்டும் கடவுளே.

ஒரு தடவை அழுதது. பால் கொடுத்தேன். உனக்குப் பாடின பாட்டைப் பாடினேன், அதற்குப் பிடிக்கவில்லை. இன்று வகுப்பு இல்லை, உங்கம்மாவுக்குப் பரீட்சை என்று மைக்கில் பேசுகிற மாதிரி சொன்னேன், அதற்குச் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சமையல்காரரிடம் சொல்லிவிடு, கேக் வீணாகிவிட்டது என்று. என்னால் உனக்கு அங்கே தலைகுனிவு, தெரியும். அம்மாவை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபம் தீரும்போது தீரட்டும். நீ கரைக்கு வந்ததும் எதிரில் உட்கார வைத்து வாய் வலிக்கும்வரை திட்டு, அப்பாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொள். அதுவரை பத்திரமாக இரு, ஏணியில் ஏறி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள், நல்லபடியாக வந்து சேர்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆபீஸ் பழக்கம் உனக்குத் தெரியும். நான் சொன்னது காதில் விழுந்தது என்றால் டிரைவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோபமோ தாபமோ, அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், வண்டி நல்லபடியாக இருக்கிறது என்று நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன். வராவிட்டால் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். நீயும் அந்த ஒரு வார்த்தையைப் போடு கண்ணே. அதற்கு மேல் எதுவும் எழுத வேண்டாம்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா